முடிச்சில்லாத சுருக்கு

2019 பிப்ரவரியில், லண்டன் தேம்ஸ் நதியின் தென்கரையிலுள்ள டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் பர்பெரி நிறுவனம் தன் புதிய ஆடைகளை அணிவகுத்துக் காட்டியது. அவற்றில் ஒரு மேலாடையின் கழுத்திலிருந்து தொங்கிய கயிறு தூக்குக்கயிற்றின் வடிவில் வளைத்து முடியப்பட்டிருந்தது. அதே அணிவகுப்பில் நடந்த மாடல் ஒருவர் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். தற்கொலையை நினைவூட்டும் ஒன்று அலங்காரம் ஆகாது என்றார். அமெரிக்காவில் கறுப்பின மக்களைக் கும்பல்கள் மரங்களில் தூக்கிலிட்ட வரலாற்றையும் சுட்டிக்காட்டினார். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு ஆடையை விலக்கிக்கொண்டது. கடல்சார்ந்த கருப்பொருளிலிருந்து எடுத்த வடிவம் அது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

அந்த விளக்கத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பாய்மரக் கப்பல் முழுக்கவே கயிற்று வளையங்களால் கட்டி நிறுத்தப்பட்ட ஒன்று. பாயை இழுக்க ஒரு வளையம், படகைக் கட்ட ஒன்று, நீரில் விழுந்தவனைத் தூக்க இன்னொன்று. ஆனால் அந்த ஆடையைப் பார்த்தவர்கள் கண்ணுக்குக் கப்பல் தெரியவில்லை. ஒரு கழுத்து தெரிந்தது. ஆங்கிலத்தில் அந்த வடிவத்துக்கு ‘நூஸ்’ என்று பெயர். சிற்றுயிர் பிடிக்கும் வேடனுக்கும் கால்நடை மேய்ப்பவனுக்கும் மாலுமிக்கும் பொதுவாக இருந்த ஒரு கருவியின் பெயர், எப்படி மரண தண்டனையின் பெயராகவே மாறிப்போனது என்று தேடினால், வழி பெரும்பாலும் லண்டன் தெருக்களிலேயே போகிறது.

முதலில் பொருளைப் பார்ப்போம். கயிற்று வளையங்கள் இரண்டு வகை. ஒன்று, இழுத்தாலும் தளர்த்தினாலும் அளவு மாறாதது. கிணற்று வாளியின் காதில் போடுவதும், படகைக் கரைக் கட்டையில் மாட்டுவதும் அந்த வகை. மற்றொன்று, இழுக்க இழுக்க இறுகுவது. பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையின் வாய் எப்படி மூடுமோ அப்படி. இந்த இரண்டாம் வகைதான் நூஸ். தமிழில் இதற்குச் சுருக்கு என்ற நல்ல சொல் இருக்கிறது. பறவை பிடிப்பவர் வைப்பது கண்ணி. நம் கடலோரங்களில் மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடிப்பக்கத்தை இறுக்கும் வலை சுருக்குமடி. 2000இல் தமிழக அரசு தடை செய்து, 2023இல் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடுகளோடு ஓரளவு தளர்த்திய அந்த வலையைப் பற்றிய வழக்குகளில் ‘சுருக்கு’ இன்றும் தொழிற்சொல்லாகவே புழங்குகிறது.

1755இல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட ஆங்கில அகராதி, ஃப்ளீட் தெருவை ஒட்டிய காஃப் சதுக்கத்து வீட்டின் மாடியில் தொகுக்கப்பட்டது. நூஸ் என்ற சொல்லுக்கு அவர் தந்த விளக்கம் அதன் இயக்கத்தை மட்டுமே சொல்கிறது: எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு நெருக்கிப் பிடிக்கும் ஓடுமுடிச்சு. தூக்குமரம் அந்த விளக்கத்துக்குள் வரவில்லை. இத்தனைக்கும், அவர் அகராதி தொகுத்த வீட்டிலிருந்து தண்டனைக் கைதிகளை ஏற்றிய வண்டிகள் புறப்பட்ட நியூகேட் சிறைக்குக் கொஞ்ச தூரம்தான். ஜான்சனுக்கு அது இன்னும் ஒரு முடிச்சின் பெயராகவே இருந்தது.

பிறப்பும் முடிச்சிலேயே. 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கில எழுத்தில் தென்படத் தொடங்கும் இந்தச் சொல்லை, முடிச்சு என்று பொருள்படும் லத்தீன் ‘நோடுஸ்’ என்பதோடு, பழைய பிரெஞ்சு வடிவங்கள் வழியாக, அறிஞர்கள் இணைக்கிறார்கள்; முழு உறுதியோடு அல்ல, ‘ஒருவேளை’ என்ற சொல்லோடுதான். கணினி வலையமைப்பில் இன்று நாம் சொல்லும் ‘நோடு’ அதே லத்தீன் வேரிலிருந்து வந்தது. சுருக்குக்கு லத்தீனில் வேறு சொல் இருந்தது: ‘லாக்குவேயுஸ்’. அது ஸ்பானிய மொழி வழியே மாடு பிடிக்கும் ‘லாஸோ’ ஆயிற்று. பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்குள் வந்து ‘லேஸ்’ ஆயிற்று. காலணியில் கட்டும் அந்த லேஸ், இடைக்கால ஆங்கிலத்தில் கண்ணியையும் பொறியையும் குறித்தது. ஆக, கொல்லும் சுருக்கைக் குறித்த ஒரு சொல் சட்டை விளிம்பின் பின்னல் வேலையாகவும் காலணிக் கயிறாகவும் இளகிப்போனது. வெறும் முடிச்சைக் குறித்த மற்றொன்று போய்த் தூக்குமரத்தில் ஏறியது. ஒரு சொல் எங்கே போய்ச் சேரும் என்பதை அதன் வேர் தீர்மானிப்பதில்லை. அதைப் பயன்படுத்திய மனிதர்கள் தீர்மானிக்கிறார்கள்.

லண்டன் கயிற்றால் வாழ்ந்த நகரம். கிழக்கு லண்டனில் இன்று பலரும் நடக்கும் கேபிள் தெரு, கப்பல் வடங்களை நீளவாக்கில் முறுக்குவதற்காக நேர்கோடாய் விடப்பட்ட பாதை. மூர்கேட் அருகே கயிறு திரிப்போர் பெயரிலேயே ஒரு தெரு இருக்கிறது. லைம்ஹவுஸில் கயிறு திரிப்போர் வயல் என்றொரு இடம். சணல் நாரின் வாசமும் தாரின் வாசமும் கலந்த அந்தத் துறைமுகத்தின் நடுவே, வாப்பிங் கரையில், கடற்கொள்ளையருக்கான தூக்குமேடை இருந்தது. கடற்படை நீதிமன்றத்தின் அதிகாரம் அலை ஏறும் எல்லையோடு முடிந்ததால், மேடை கரையோரச் சேற்றிலேயே நிறுத்தப்பட்டது. தொங்கிய உடலை மூன்று ஏற்றங்கள் மூடிக் கடந்த பிறகே இறக்குவது வழக்கம்.

அங்கே 1701 மே 23 அன்று தூக்கிலிடப்பட்டவர் கேப்டன் வில்லியம் கிட். அவர்மீதான குற்றச்சாட்டுகளில் முக்கியமானது நம் கடற்கரைக்கு அருகில் நடந்தது: 1698 ஜனவரியில் கொச்சிக்கு அப்பால் ‘கெடா மெர்ச்சென்ட்’ என்ற சரக்குக் கப்பலை அவர் பிடித்தார். முதல் முறை தள்ளியபோது கயிறு அறுந்து கிட் உயிரோடு கீழே விழுந்தார். மறுபடி ஏற்றித் தொங்கவிட்டார்கள். கயிறு திரிப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒரு கரையில் அந்தக் கயிறு அறுந்தது. இன்று அதே கரையில் ‘பிராஸ்பெக்ட் ஆஃப் விட்பி’ என்ற மதுக்கூடத்தின் பின்புறம் ஆற்றைப் பார்த்து ஒரு மாதிரித் தூக்குமரமும் சுருக்கும் தொங்குகின்றன. சுற்றுலா வந்தவர்கள் அதன் பக்கம் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது உவப்பானதாக இல்லை.

நகரத்தின் பெரிய தூக்குமரம் மேற்கே டைபர்னில் இருந்தது. இன்றைய மார்பிள் ஆர்ச் அருகே. அங்கே நடந்ததாகப் பதிவான முதல் தண்டனை 1196இல், ஏழைகள்மேல் விழுந்த வரிச்சுமைக்கு எதிராகப் பேசிய வில்லியம் ஃபிட்ஸ்ஆஸ்பர்ட் என்பவருக்கு. 1571இல் மூன்று தூண்களின் மேல் முக்கோணமாக உத்தரங்கள் வைத்த நிரந்தர மரம் நட்டார்கள். ஒரே நேரத்தில் பலரைத் தொங்கவிட அது வசதி. 1649 ஜூன் 23 அன்று 23 ஆண்களும் ஒரு பெண்ணும் அங்கே ஒன்றாகத் தூக்கிலிடப்பட்டார்கள்.

நியூகேட் சிறையிலிருந்து அங்கே ஏறத்தாழ 3 மைல். கைதியின் கழுத்தில் சிறையிலேயே கயிற்றை மாட்டி, வண்டியில் ஏற்றி, இன்று ஆக்ஸ்ஃபோர்ட் தெரு என்று கடைகளுக்குப் பெயர்போன சாலை வழியே கூட்டம் பார்க்கக் கொண்டுபோவார்கள். அந்தக் கயிற்றை லண்டன்வாசிகள் அதிகம் அழைத்த பெயர் ‘ஹால்டர்’: கால்நடையை நடத்திச் செல்லும் தலைக்கயிறு. கழுத்தில் கயிற்றோடு வண்டியில் போகும் மனிதனைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர்தான் பொருத்தமாகப் பட்டிருக்கும். முந்தின நள்ளிரவில் செயின்ட் செபுல்கர் தேவாலயத்தின் பணியாள் கைதியின் அறைக்கு வெளியே கைமணி அடித்து, மனந்திரும்பச் சொல்வான். 1605இல் ராபர்ட் டோ என்ற வணிகர் 50 பவுண்டு கொடுத்து ஏற்படுத்திய தர்மம் இது. அந்த மணி இன்றும் தேவாலயத்துக்குள் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது.

சட்டத்தின் மொழியைக் கவனித்தால் ஒன்று தெரிகிறது. இறக்கும்வரை கழுத்தால் தூக்கிலிடப்பட வேண்டும் என்பதே தீர்ப்பின் வாசகம். கயிறு என்ற சொல்லோ, சுருக்கு என்ற சொல்லோ அதில் கிடையாது. செய்வது யார், எதைக் கொண்டு என்ற எதையும் சொல்லாத செயப்பாட்டு வினை. அந்த வெற்றிடத்தைத் தெருவின் மொழி நிரப்பியது. 1663 முதல் 1686 வரை தூக்கிலிடுபவராக இருந்த ஜாக் கெட்ச்சின் பெயர், அவருக்குப் பின் வந்த எல்லாருக்கும் பொதுப்பெயர் ஆனது. தூக்கிலிட்டவர் தமக்குச் சேர வேண்டியதாகக் கயிற்றை எடுத்துக்கொண்டு துண்டுதுண்டாக வெட்டி விற்பது உண்டு. குற்றவாளியைக் கொன்ற கயிற்றுக்கு நோய் தீர்க்கும் சக்தி உண்டு என்று நம்பி வாங்கியவர்களும் இருந்தார்கள்.

எழுத்தறிவு உயிர் காத்த காலமும் அதுவே. மதகுருமார் அரசு நீதிமன்றத்தின் மரண தண்டனைக்கு உட்பட்டவர்கள் அல்லர் என்ற சலுகை, நாளடைவில் லத்தீன் வாசிக்கத் தெரிந்த எவருக்கும் என்று விரிந்தது. சோதனைக்காகக் கொடுத்தது வழக்கமாக ஒரே சங்கீதத்தின் ஒரே வசனம் என்பதால், அதற்குக் ‘கழுத்து வசனம்’ என்றே பெயர். 1598இல் சண்டையில் ஒரு நடிகரைக் கொன்ற நாடகாசிரியர் பென் ஜான்சன் இந்தச் சலுகையால்தான் தப்பினார். கட்டைவிரலில் சூடு போட்டு விட்டுவிட்டார்கள். அதே குற்றத்தைச் செய்த, படிக்கத் தெரியாத ஒரு சுமைகூலிக்கு ஹால்டர்தான். சட்டத்தின் முன் அனைவரும் ஒன்று என்று பேசும்போது எனக்கு எப்போதும் இந்த வசனம் நினைவுக்கு வரும்.

டைபர்னில் சாவு மெதுவாக வந்தது. கயிற்றின் மறுமுனையை உத்தரத்தில் கட்டிய பின் வண்டியை ஓட்டிவிடுவார்கள். விழும் தூரம் சொற்பம். கழுத்து முறியாது, மூச்சுத் திணறிச் சாக வேண்டும். நண்பர்கள் கால்களைப் பிடித்துத் தொங்கி வேதனையைக் குறைப்பார்கள். 1783 நவம்பர் 3 அன்று ஜான் ஆஸ்டின் என்பவரோடு டைபர்ன் முடிந்தது. அடுத்த மாதமே நியூகேட் சிறை வாசலில், காலடிப் பலகை கீழே இறங்கும் புது மேடை வந்தது. அப்போதும் வீழ்ச்சி சிறிதுதான். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் புளியமரத்தில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கும்பினிக்காரர்களும், 1801இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டவர்களும் அறிந்திருந்தது இந்த லண்டன் முறையைத்தான். மரம் நம்முடையது, முறை அவர்களுடையது.

மாற்றம் வந்தது அறிவியலிலிருந்து. 1866இல் டப்ளினைச் சேர்ந்த சாமுவேல் ஹாட்டன், தூக்கிலிடுவதை இயந்திரவியலாகவும் உடலியலாகவும் ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். 2240 என்ற எண்ணை உடல் எடையால் (பவுண்டில்) வகுத்தால் விழ வேண்டிய தூரம் அடிக்கணக்கில் கிடைக்கும் என்பது அவர் சூத்திரம். தூக்கில் ஏறுகிறவனை அவர் ‘நோயாளி’ என்று எழுதினார். அவர் மருத்துவமும் படித்தவர். மனிதனின் வேதனையைக் குறைக்க வேண்டும் என்ற உண்மையான அக்கறையில் எழுதியவர். ஆனாலும் அந்த ஒரு சொல்லில் ஒரு நூற்றாண்டின் மனக்கோலம் முழுக்கத் தெரிகிறது.

ஹாட்டனின் எண்ணத்தைக் கையால் செய்து காட்டியவர் லிங்கன்ஷயரைச் சேர்ந்த செருப்புத் தைக்கும் தொழிலாளி வில்லியம் மார்வுட். 1872இல் லிங்கனில் தொடங்கி, 1874இல் லண்டனின் தூக்கிலிடுபவரானார். அவருக்கு முன் 1829 முதல் 45 ஆண்டுகள் அந்தப் பணியில் இருந்த வில்லியம் கால்கிராஃப்ட் பழைய குட்டை வீழ்ச்சிக்காரர். மார்வுட் வீழ்ச்சியை நீட்டினார். அதோடு இன்னொன்றும் செய்தார். இந்தக் கட்டுரைக்கு அதுதான் முக்கியம். கயிற்றின் நுனியில் ஓர் உலோக வளையத்தைப் பின்னிப் பொருத்தி, அதற்குள்ளேயே கயிற்றை ஓடவிட்டார். முடிச்சே கிடையாது. முடிச்சு உராய்ந்து தடுக்கும், நழுவும், எதிர்பாராத இடத்தில் நிற்கும். பித்தளை வளையம் வழுக்கிப்போய்த் தாடையின் இடது மூலையில், வேண்டிய இடத்தில் நிற்கும். அதை நிறுத்த ஒரு தோல் வட்டு. முடிச்சிலிருந்து பெயர் பெற்ற பொருள், முழுமை அடைந்தபோது முடிச்சை இழந்தது. திரைப்படங்களில் நாம் பார்க்கும், பதின்மூன்று சுற்று சுற்றிய தடித்த முடிச்சு அமெரிக்க வழக்கம். பிற்காலத்தில் லண்டன் சிறைகளில் தூக்கிலிடப்பட்டவர்கள் எவரும் அப்படி ஒரு முடிச்சின் கீழ் நிற்கவில்லை.

கயிறும் நேர்த்தியாயிற்று. இத்தாலியச் சணலில் திரித்து, கழுத்தில் படும் பகுதியில் மென்தோல் தைத்தார்கள். தென்கிழக்கு லண்டனின் ஓல்ட் கென்ட் சாலையில் கூடாரங்களும் கயிறுகளும் செய்துவந்த ஜான் எட்ஜிங்டன் நிறுவனம் அதைச் செய்து கொடுத்தது. திருவிழாப் பந்தலுக்கான கயிறும் இதுவும் ஒரே கூரையின் கீழ் திரிக்கப்பட்டன.

ஆனால் கணக்கு பிசகியபோது விளைவு பயங்கரமாக இருந்தது. 1885 பிப்ரவரியில் எக்ஸிடரில் ஜான் லீ என்பவரின் காலடிக் கதவு மூன்று முறை முயன்றும் திறக்கவில்லை; அவர் தண்டனை குறைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் நார்விச்சில் ராபர்ட் குடேலின் தலை துண்டாகிவிட்டது. 1886இல் அபர்டேர் பிரபு தலைமையில் குழு அமைத்தார்கள். அதன் அறிக்கை 1888இல் வந்தது. எடைக்கும் வீழ்ச்சிக்கும் அரசு அட்டவணை பிறந்தது இப்படித்தான். 1913இல் திருத்திய அட்டவணையின்படி 1000ஐ எடையால் வகுக்க வேண்டும்: 150 பவுண்டு எடையுள்ளவருக்கு 6 அடி 8 அங்குலம். அதே 1913இல் ஃபிரெடரிக் வுட் ஜோன்ஸ், லண்டனின் ‘லான்செட்’ மருத்துவ இதழில், தூக்கில் முறிய வேண்டிய ‘சரியான’ கழுத்தெலும்பு எது என்று எழுதினார். விபத்துச் சிகிச்சைப் பிரிவுகளில் இரண்டாம் கழுத்தெலும்பின் ஒருவகை முறிவை இன்றும் தூக்கிலிடுபவரின் பெயராலேயே மருத்துவர்கள் அழைக்கிறார்கள்.

இதற்கிடையே சுருக்கு மக்கள் பார்வையிலிருந்தும் மறைந்துவிட்டது. 1849 நவம்பரில் ஒரு தம்பதியின் தண்டனையைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தின் வெறியைக் கண்டு மனம் வெதும்பிய சார்லஸ் டிக்கன்ஸ், ‘டைம்ஸ்’ நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். 1868 மே 26 அன்று நியூகேட் வாசலில் மைக்கேல் பாரெட்டோடு பொதுத் தண்டனை முடிந்தது. அதன்பின் எல்லாம் மதிலுக்குள். கறுப்புக் கொடியும் மணியும் மட்டும் வெளியே. பொருள் கண்ணிலிருந்து விலக விலக, சொல் வாயில் பெருகியது என்றே எனக்குத் தோன்றுகிறது. கடன் கழுத்தை நெரிக்கிறது, காவல்துறையின் சுருக்கு இறுகுகிறது, தானே போய்த் தலையைக் கொடுத்தான் என்று நாளிதழ்கள் எழுதும்போது, எழுதுகிறவரும் வாசிக்கிறவரும் ஒரு தூக்குமேடையைக்கூடக் கண்டிராதவர்கள். திருமணத்தையும் ஆங்கிலேயர் இந்தச் சொல்லால் குறிப்பது பழைய வழக்கம். நாம் கால்கட்டு என்கிறோம், பரவாயில்லை. நடக்கத்தான் தடை, மூச்சு விடலாம்.

மதிலுக்குள் நடந்தவற்றில் இரண்டு நம்மவர்களுடையவை. 1909 ஜூலையில் பிரிட்டிஷ் அதிகாரி கர்சன் வில்லியைச் சுட்ட மதன்லால் திங்க்ரா, அதே ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று வடக்கு லண்டன் பென்டன்வில் சிறையில் தூக்கிலிடப்பட்டார். 1940 மார்ச்சில் பஞ்சாபின் முன்னாள் துணைநிலை ஆளுநர் மைக்கேல் ஓ’ட்வையரைச் சுட்ட உத்தம் சிங், ஜூலை 31 அன்று அதே சிறையில். திங்க்ராவின் காலத்தில் ஹைகேட்டிலிருந்த இந்தியா ஹவுஸ் வட்டத்தில் வரகனேரி வ.வே.சு. ஐயர் இருந்தார். சட்டம் படிக்க வந்தவர். 1910இல் புதுச்சேரிக்குத் தப்பிப்போய், பிறகு தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளில் ஒருவராக நாம் அறியும் அதே ஐயர். தூக்கிலிடப்பட்டவர்களைச் சிறை வளாகத்துக்குள்ளேயே புதைப்பது விதி என்பதால், உத்தம் சிங்கின் எச்சங்கள் 1974இலும் திங்க்ராவின் எச்சங்கள் 1976இலும்தான் இந்தியா வந்து சேர்ந்தன. சாவோடு தண்டனை முடிந்துவிடவில்லை என்பதை அந்த நீண்ட ஆண்டுகள் காட்டுகின்றன.

நம் மொழிகளின் சுருக்கும் லண்டனுக்குப் போனது. சமஸ்கிருத ‘பாச’ என்பதற்கு முதற்பொருள் சுருக்குக் கயிறு. இந்தியில் அது ‘ஃபான்ஸி’ ஆகித் தூக்குத் தண்டனையைக் குறிக்கிறது. வழிப்போக்கரைக் கழுத்தை நெரித்துக் கொள்ளையடித்தவர்களைத் தென்னிந்தியாவில் இதிலிருந்து ‘ஃபான்ஸிகார்’ என்றார்கள். 1816இல் சென்னையில் மருத்துவர் ஷெர்வுட் அவர்களைப் பற்றி எழுதிய கட்டுரைதான், பின்னர் ‘தக்’ எனப்பட்ட இத்தகைய கொள்ளையரை ஒடுக்கிய வேட்டைக்கு அடிப்படை ஆவணங்களில் ஒன்றாயிற்று. 1839இல் லண்டனில் வெளியான மெடோஸ் டெய்லரின் நாவல் ‘தக்’ என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. 1862இல் லண்டன் தெருக்களில் கழுத்தை நெரித்து வழிப்பறி செய்யும் கும்பல்கள் குறித்த பீதி எழுந்தபோது, பத்திரிகைகள் அதை இந்தியத் தக்குகளோடு ஒப்பிட்டன. மறு ஆண்டே சவுக்கடித் தண்டனையைத் திரும்பக் கொண்டுவந்த சட்டம் நிறைவேறியது. தக்குகளைப் பற்றிய காலனியப் பதிவுகளில் எவ்வளவு உண்மை, எவ்வளவு அச்சத்தின் கற்பனை என்பதை கிம் வாக்னர் போன்ற வரலாற்றாசிரியர்கள் இன்று வரி வரியாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். கழுத்தைச் சட்டப்படி நெரிக்கும் கயிற்றுக்கு அட்டவணை தேடிய அதே சமூகம், சட்டமில்லாமல் நெரித்தவர்களின் பெயரால் நடுங்கியது.

அதே ‘பாச’ தமிழில் வேறு வழி போயிற்று. எமன் கையில் பாசக்கயிறு இருக்கிறது. மார்க்கண்டேயன் மேல் அவன் வீசியது லிங்கத்தையும் சேர்த்துச் சுற்றிய தலம் திருக்கடையூர் என்பது நம் புராணம். சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம் என்ற மூன்றில் பாசம் உயிரைக் கட்டும் கயிறு. ஆணவம், கன்மம், மாயை அதன் இழைகள். அங்கிருந்து வீட்டுக்குள் வந்து, பிள்ளைமேல் தாய்க்குள்ள பாசம், அண்ணன் தங்கை பாசம் என்று, அன்பின் பெயராகவே நிலைத்துவிட்டது. கட்டு என்ற உணர்வு அதில் அழியவில்லை. அந்தக் கட்டை நாம் விரும்பி ஏற்கிறோம். 1981இல் அமைந்த விம்பிள்டன் கணபதி கோயிலில் ஈழத் தமிழரும் நம் ஊர்க்காரரும் கும்பிடும் விநாயகர், பாசமும் அங்குசமும் ஏந்தும் மரபில் வந்தவர். சில கிலோமீட்டர் தள்ளி வாண்ட்ஸ்வொர்த் சிறை இருக்கிறது.

அந்தச் சிறையில் 1953 ஜனவரி 28 அன்று தூக்கிலிடப்பட்ட 19 வயது டெரெக் பென்ட்லி, கொலைக் குண்டைச் சுட்டவர் அல்லர். 1950 மார்ச்சில் பென்டன்வில்லில் தூக்கிலிடப்பட்ட டிமதி எவன்ஸின் வழக்கில், அவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன ஜான் கிறிஸ்டியே தொடர் கொலைகாரன் என்று மூன்றாண்டுகளில் தெரிந்தது. எவன்ஸுக்கு 1966இல் இறப்புக்குப் பின் மன்னிப்பு. பென்ட்லியின் தண்டனைத் தீர்ப்பு 1998இல் ரத்து. 1955இல் ஹாலோவே சிறையில் ரூத் எல்லிஸ் தூக்கிலிடப்பட்டபோது நாடே கொதித்தது. கணக்குப்படி கழுத்து முறிந்தது. ஆளைத் தேர்ந்த கணக்கு தவறியது. 1964 ஆகஸ்ட் 13 அன்று மான்செஸ்டரிலும் லிவர்பூலிலும் நடந்தவையே பிரிட்டனின் கடைசித் தூக்குகள். 1965இல் கொலைக்கான மரண தண்டனை நிறுத்தப்பட்டு, 1969இல் நிரந்தரமாக ஒழிந்தது. ஆனால் தேசத்துரோகத்துக்காக என்று வாண்ட்ஸ்வொர்த்தில் ஒரு தூக்குமேடையை 1990களின் தொடக்கம் வரை எண்ணெய் போட்டுச் சோதித்து வைத்திருந்தார்கள். 1998இல்தான் சட்டப் புத்தகத்திலிருந்து கடைசி இழையும் போயிற்று.

கற்றுக்கொடுத்தவர்கள் கைவிட்ட பிறகும் கற்றவர்கள் விடவில்லை. இலங்கையில் 1976க்குப் பின் யாரும் தூக்கிலிடப்படவில்லை. ஆனால் தண்டனை சட்டத்தில் இருக்கிறது. இந்தியாவில் இறக்கும்வரை கழுத்தால் தூக்கிலிட வேண்டும் என்று 1973ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 354ஆம் பிரிவு சொன்னது. பழைய லண்டன் நீதிமன்றத்தின் அதே வாசகம், அதே செயப்பாட்டு வினை, கயிறு என்ற சொல் இல்லாமல். தமிழகம் அந்தச் சொல்லை 2011இல் நாள்தோறும் உச்சரித்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் வேலூர் சிறையிலிருந்த பேரறிவாளன், முருகன், சாந்தன் மூவருக்கும் செப்டம்பர் 9 என்று நாள் குறித்திருந்தார்கள். அதை எதிர்த்து ஆகஸ்ட் 28 அன்று காஞ்சிபுரத்தில் செங்கொடி தீக்குளித்து இறந்தார். ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் தண்டனையைக் குறைத்தது. பேரறிவாளன் 2022 மே 18 அன்று விடுதலையானார். நாள் குறித்தபடி நடந்திருந்தால், அந்தத் தீர்ப்புகளை வாசிக்க அவர் இருந்திருக்கமாட்டார்.

தூக்கிலிடும் முறை அரசமைப்புக்கு முரணல்ல என்று 1983இல் தீனா வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றத்திடம், 2017இல் மீண்டும் ஒரு பொதுநல மனு போனது. 2023 மார்ச்சில் நீதிபதிகள், இதைவிட வேதனை குறைந்த முறை உண்டா, தூக்கின் விளைவு குறித்து அறிவியல் தரவு என்ன இருக்கிறது என்று மத்திய அரசைக் கேட்டார்கள். அபர்டேர் குழு அமைந்து 137 ஆண்டுகளுக்குப் பின் அதே கேள்வி. பீகாரின் பக்சர் சிறையில்தான் நெடுங்காலமாகத் தூக்குக்கயிறு திரிக்கிறார்கள், கைதிகளே திரிக்கிறார்கள். எடைக்கு இவ்வளவு வீழ்ச்சி என்ற அட்டவணை நம் சிறைக் கையேடுகளில் இருக்கிறது. தண்டனைக்கு முன்பாக, கைதியின் எடையைப் போல ஒன்றரை மடங்கு மணல் நிரப்பிய மூட்டையைக் கட்டி அந்தக் கயிற்றைச் சோதிக்க வேண்டும் என்பதும் அவற்றில் ஒரு விதி.